கணினியின் குரல் கடைமடைக்கும் எட்ட வேண்டும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடத்தப்பெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மிகச் சிறியதாகத் தோன்றலாம். லினக்ஸ் முறையில் இயங்கும் கணினியில் ஒலி குறைவாகக் கேட்டால் அதனைச் சரிசெய்வது எங்ஙனம் என்பதே அது. சாலையும் குடிநீரும் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் ஒலிபெருக்கியைப் பற்றிப் பேச்சா என்று தாங்கள் வியக்கக்கூடும்.

ஆனால் விவசாயிகளுக்கான யோசனைகள் பலவும் இக்காலத்தில் படக்காட்சிகளாகவே கிராமத்திற்கு வருகின்றன. 2018ஆம் ஆண்டில் நம் நாட்டில் தலைகாட்டிய மக்காச்சோளப் படைப்புழுவை ஒடுக்கும் முறையை ஒரு நிபுணர் திரையில் விளக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து லிட்டர் நீருக்கு நான்கு கிராம் மருந்து என்று அவர் அளவு சொல்லுகிறார். கடைசி வரிசையில் இருப்பவர் காதில் 'நா' என்ற முதல் எழுத்து மட்டுமே விழுகிறது. அவர் அதனை நான்கு என்று கொள்வாரா, நாற்பது என்று கொள்வாரா? அளவு மிகுந்தால் பணம் விரயமாகும்; பயிர் கருகும்; தெளிப்பவருடைய உடல்நலமும் கெடும். ஆகவே ஒலிக் குறைவு என்பது வெறும் வசதிக் குறைவு அன்று.

லினக்ஸ் நமக்கு ஏன்?

லினக்ஸ் என்பதன் மூலப் பகுதியை 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் எழுதி வெளியிட்டார். அதனை எவரும் விலையின்றிப் பெறலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். அதன் அடிப்படையில் மத்திய சர்க்காரின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் தொகுப்பு 2007ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் வழங்கி வருகிறது. 2011இல் நமது ராஜ்யத்தில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் அவற்றில் சேர்க்கப்பட்டிருந்தது. உரிமத்திற்கென்று ஆண்டுதோறும் பணம் செலுத்தத் தேவையில்லாத இம்முறை, குறைந்த வருமானமுள்ள பஞ்சாயத்துகளுக்கு ஏற்றதாகும். ஒலி சரியாகக் கேட்கவில்லை என்ற ஒரே காரணத்தால் நல்ல கணினி ஒன்று மூலையில் முடங்குவது நமக்கு நஷ்டமே.

ஏரியும் மதகுகளும்

ஏரியில் நீர் நிறைந்திருந்தும் வயலுக்கு நீர் வரவில்லை என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? உடனே புதுக் கிணறு வெட்டக் கிளம்பமாட்டீர்கள். ஏரி மதகு, கிளை வாய்க்கால் மடை, வயல் மடை என ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருவீர்கள். ஏதேனும் ஓர் இடத்தில் பலகை பாதி இறங்கியிருக்கும். கணினியின் ஒலியும் அவ்வாறே பல மதகுகளைக் கடந்துதான் நம் காதுக்கு வருகிறது. அவற்றுள் ஒன்று பாதி அடைபட்டிருந்தால், மற்றவற்றை முழுதும் திறந்தும் பயனில்லை. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஏரியையே பார்க்க வேண்டும். பதிவு செய்தவரே மெல்லிய குரலில் பதிந்திருக்கலாம். வேறொரு படத்தை ஓட்டிப் பாருங்கள். அது நன்கு கேட்குமாயின் குற்றம் கணினியுடையதன்று, அந்தப் பதிவினுடையதே.

இரண்டாவது மதகு, படத்தை ஓட்டும் செயலி. வி.எல்.சி. போன்ற செயலிகளில் தனியே ஓர் ஒலியளவுக் கோடு உண்டு. உலாவியில் ஓடும் படங்களிலும் படத்தின் அடியிலேயே சிறு ஒலிக்குறி இருக்கும். கணினியின் பொது அளவு நூறு எனக் காட்டினும் இவை முப்பதில் நின்றால் ஒலி மங்கியே வரும்.

மூன்றாவது மதகு, செயலிகள் அனைத்தினின்றும் ஒலியைப் பெற்றுப் பங்கிட்டு அனுப்பும் பகுதி. இதனைப் பழைய தொகுப்புகளில் 'பல்ஸ் ஆடியோ' என்பர். உபுண்டுவின் 2022 அக்டோபர் வெளியீட்டிலிருந்து இவ்வேலையை 'பைப்வயர்' என்பது செய்து வருகிறது. பிற புதிய தொகுப்புகள் பலவற்றிலும் அதுவே உள்ளது. இரண்டிற்கும் பொதுவாகப் 'பாவுகண்ட்ரோல்' என்ற சிறு கருவி உண்டு. அதனைத் திறந்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி அளவும், ஒலி எந்தச் சாதனத்திற்குச் செல்லுகிறது என்பதும் தெரியும். திரைக்குச் செல்லும் கம்பி வழியே ஒலி போய்க்கொண்டிருக்க, நாம் ஒலிபெருக்கியின் திருகை முறுக்கிக்கொண்டிருப்பது அடிக்கடி நடப்பதாகும். சரியான சாதனத்தைத் தேர்ந்தெடுத்தால் அக்குறை உடனே நீங்கும்.

இங்கே ஒரு நுட்பத்தை விவசாயப் பெருமக்கள் கவனிக்க வேண்டும். இக்கருவியில் 50 சதவீதம் என்று காட்டினால் பாதி ஒலி வருகிறது என்று பொருளன்று. கணக்குப்படி ஒலியலையின் உயரம் எட்டில் ஒரு பங்காகவே குறைந்துவிடுகிறது. எனவே சிறு குறைவுதானே என்று எந்த மதகையும் அலட்சியம் செய்யலாகாது.

இதே கருவியில் 100 சதவீதத்திற்கு மேலும் 153 வரை உயர்த்த வழி உண்டு. பதிவு மெல்லியதாயின் இது கைகொடுக்கும். ஆயினும் வாய்க்கால் கொள்ளும் அளவுக்கு மேல் நீர் விட்டால் கரை உடைவது போல, அளவு மீறினால் ஒலியலையின் உச்சி வெட்டுண்டு குரல் கரகரக்கும். சத்தம் பெருகியும் சொல் புரியாமற்போனால் என்ன பயன்? கரகரப்பு கேட்டவுடன் சற்றே குறைத்துவிடுங்கள்.

யாரும் பாராத மதகு

நான்காவது மதகுதான் பெரும்பாலோர் கண்ணில் படாதது. ஒலி அட்டையை நேரே இயக்கும் பகுதிக்கு 'ஆல்சா' என்று பெயர். டெர்மினல் எனப்படும் கட்டளைத் திரையைத் திறந்து, 'ஆல்சாமிக்ஸர்' என்னும் சொல்லை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடைவெளியின்றித் தட்டி எண்டர் விசையை அழுத்தினால், நெடுங்குத்தாகச் சில கட்டங்கள் தோன்றும். எஃப்6 விசையை அழுத்திச் சரியான ஒலி அட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு மாஸ்டர், பி.சி.எம்., ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் என்ற பெயருள்ள கட்டங்களைப் பாருங்கள். இடவல அம்பு விசைகளால் கட்டத்திற்குக் கட்டம் செல்லலாம். மேல் அம்பு விசையால் அளவை உயர்த்தலாம். ஒரு கட்டத்தின் அடியில் இரண்டு 'எம்' எழுத்துகள் காணப்பட்டால் அது வாய் அடைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். 'எம்' விசையை ஒருமுறை அழுத்தினால் திறந்துவிடும். 'ஆட்டோ மியூட்' என்ற கட்டம் இருந்தால் அதனையும் நோக்குக. காதுக்கருவி செருகப்பட்டிருக்கும்போது ஒலிபெருக்கியை அடைத்துவிடுவது அதன் வேலை.

மாற்றிய அளவுகளைப் பெரும்பாலான தொகுப்புகள் கணினி நிற்கும்போது தாமே குறித்துக்கொள்ளும். மறுநாள் பழைய அளவே திரும்பி வந்தால், 'ஆல்சாகண்ட்ரோல் ஸ்டோர்' என்று பொருள்படும் கட்டளையை நிர்வாகி உரிமையுடன் ஒருமுறை இட வேண்டும். கணினி பயின்ற இளைஞர் எவரும் இதனைச் செய்து தருவர்.

நமது யூனியனைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் நூலகக் கட்டிடத்தில் இத்தகைய கணினி ஒன்று உள்ளது. அங்கு நடந்த விவசாயிகள் கூட்டத்தில் முதல் இரண்டு வரிசைக்கு அப்பால் ஒன்றும் கேட்கவில்லை. புதிய ஒலிபெருக்கி வாங்குவதற்குப் பஞ்சாயத்தில் தீர்மானமும் எழுதியாகிவிட்டது. அதனை நிறைவேற்றும் முன்னர் மேற்சொன்ன வரிசைப்படி அக்கணினி சோதிக்கப்பட்டது. பொது அளவு நூறிலேயே இருந்தது. ஆல்சாமிக்ஸரில் ஹெட்ஃபோன் கட்டம் முழு அளவில் நிற்க, ஸ்பீக்கர் கட்டம் மட்டும் கால் அளவில் கிடந்தது. அதனை உயர்த்தியவுடன் அவ்வறை முழுவதும் குரல் கேட்டது. ஒதுக்கிய தொகை குடிநீர்க் குழாய்ப் பழுதுக்கு உதவிற்று. அங்கிருந்த முதியவர் ஒருவர், "தண்ணீர் இருந்தது ஐயா, மடைதான் அடைத்திருந்தது" என்றார். இதைவிடத் தெளிவாக நான் சொல்ல முடியாது.

கம்பியும் கருவியும்

ஐந்தாவது, வெளியே கண்ணுக்குத் தெரியும் பொருள்கள். மேசைக் கணினியின் பின்புறத்தில் பொதுவாகப் பச்சை நிறத் துளையே ஒலி வெளிவருவதற்கானது. இளஞ்சிவப்பு நிறம் ஒலிவாங்கிக்கு உரியது. செருகி பாதி நுழைந்திருந்தாலும், துளையில் தூசி அடைந்திருந்தாலும் ஒலி மங்கும். வெளி ஒலிபெருக்கியில் தனியே ஒரு திருகு இருக்குமாயின் அதையும் பாருங்கள்.

இவ்வளவு பார்த்தும் குறை தீரவில்லையெனில், கருவி பழுதா, நிரல் பழுதா என்று பிரித்தறிய வேண்டும். அதே கணினியில் விண்டோஸும் இருந்தால் அதில் ஒலியைக் கேட்டுப் பாருங்கள். அங்கும் மங்கலாயின் கருவியில் பழுது. பழுது பார்ப்பவரிடம் கொடுக்கலாம். அங்கு நன்கு கேட்டால் கருவி நலமே. லினக்ஸ் பகுதியில்தான் குறை. புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் ஒலிபெருக்கியை எழுப்புவதற்குத் தனி நிரல் தேவைப்படுகிறது. அது இல்லாவிடில் ஒலி மெலிந்து வரும். அல்லது வாராதே போகும். இணையத்தில் இணைத்துத் தொகுப்பைப் புதுப்பித்தால் பெரும்பாலும் அந்நிரல் வந்து சேர்ந்துவிடும்.

வாங்க வேண்டிய இடத்தில் வாங்குக

எல்லாம் திறந்திருந்தும் போதாமற்போகும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. மடிக்கணினியின் ஒலிபெருக்கி ஒருவர் இருவர் கேட்பதற்காகச் செய்யப்பட்டது. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறைந்துவிடும். ஒரு மீட்டர் தூரத்தில் கேட்பதைவிட எட்டு மீட்டர் தூரத்தில் 18 டெசிபெல் குறைவு. கிராம சபைக் கூட்டம் மரத்தடியில் நடக்குமாயின் எந்தக் கட்டத்தை உயர்த்தினாலும் மடிக்கணினி தனியே நின்று பேச இயலாது. அங்கே ஒலிபெருக்கி அமைப்பு அவசியமே. முன்சொன்ன சோதனைகள் முடிந்தபின் அதற்குச் செலவிடுவது நியாயமான செலவாகும்.

அன்பர்களே, இரண்டே வேண்டுகோள்களுடன் முடிக்கிறேன். நான் கூறிய மதகுகளை வரிசைப்படி ஒரு தாளில் எழுதிக் கணினி இருக்கும் அறையின் சுவரில் ஒட்டிவையுங்கள். கூட்டத்திற்கு முதல்நாளே உங்கள் ஊர் இளைஞர் ஒருவரையோ, மகளிர் குழு உறுப்பினர் ஒருவரையோ படத்தை ஓட்டச் செய்து, நீங்கள் கடைசி வரிசையில் போய் அமர்ந்து கேளுங்கள். முன்வரிசையில் கேட்பதைக் கொண்டு திருப்தி அடையாதீர்கள். தலைமடையில் நீர் புரண்டோடுவதைக் கொண்டு பாசனம் நன்றாயிருக்கிறது என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். கடைமடை வயல் நனைந்ததா என்பதே கேள்வி. அதுபோலக் கடைசி வரிசையில் தூணோரம் அமர்ந்திருக்கும் முதியவருக்கும் நான்கு என்பது நான்காகவே கேட்க வேண்டும்.