ஏறுவதற்கு ஆளில்லாத மாநில மரம்

விடியுமுன் பனையேறி இறங்கிவிட்டு இந்த முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே!

தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. பாடப்புத்தகத்தில் வரையாடு, மரகதப்புறா, செங்காந்தள் பக்கத்தில் அதற்கும் ஒரு படம் உண்டு. நம் பிள்ளைகள் அதைப் படித்து மதிப்பெண் வாங்குகிறார்கள். பள்ளி விட்டு அவர்கள் வீடு திரும்பும் அதே ரோட்டில், லாரி நிறையப் பனந்துண்டுகள் செங்கல் சூளைக்குப் போகின்றன. அரசு முத்திரையில் இருக்கும் கோபுரத்திலிருந்து ஒரு கல்லைப் பெயர்க்க யாராவது துணிவார்களா? அந்த அச்சம் பனையிடம் மட்டும் ஏன் இல்லை?

சேரன் வில்லைக் கொடியில் வைத்தான். பனம்பூவைத் தலையில் சூடினான். பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி, சேரனுக்குப் பனை. இது நமக்கு எப்படித் தெரியும்? பனையோலை சொல்லித்தான் தெரியும். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து தேடியது இந்த மரத்தின் ஓலையைத்தான். அந்த ஓலை இல்லையென்றால் சங்கப் பாட்டும் இல்லை, சேரனும் இல்லை.

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். வரவேற்றோம். இன்றைக்கும் வரவேற்கிறேன். ஆனால் நிலக்காரர் மரத்தை ஏன் விற்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். "ஏற ஆளில்லையே, காய்ந்த மட்டை தொங்குது, வச்சு என்ன செய்ய?" என்பார். மரத்தைக் காப்பாற்றுவது அரசாணை மட்டுமல்ல, ஐயா. இடுப்பில் அரிவாள்பெட்டியும் காலில் தளைநாருமாக ஏறுகிற மனிதன். அவன் இறங்கிப் போய்விட்ட தோட்டத்தில்தான் கோடாரி நுழைகிறது.

அவன் ஏன் இறங்கினான்? கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் கள். 1987 முதல் இந்த மாநிலத்தில் கள்ளுக்குத் தடை. ஒரு விரல் சுண்ணாம்புதான் தொழிலாளியையும் குற்றவாளியையும் பிரிக்கிறது. சுண்ணாம்பு குறைந்துவிட்டது என்று சொல்லி, ஒரு விடியற்காலையில் என் அப்பாவின் கலயங்களை ஒன்றுவிடாமல் உடைத்தார்கள். பாளை சீவும் அரிவாளையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அவர் அதற்குப் பிறகு ஏறவே இல்லை. பதநீர் காய்ச்சும் எங்கள் விடிலியில் அம்மா அடுப்பு மூட்டவும் இல்லை. எல்லை தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடைக்கு உரிமம் கொடுக்கிறார்கள். இங்கே ஆலையில் காய்ச்சிய சாராயத்தை அரசே கடை வைத்து விற்கிறது. மாநில மரத்தில் வடிகிற சாறு மட்டும் குற்றமாம்!

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் சீனியைக் கலந்து கருப்பட்டி என்று விற்கிறவனோடு போட்டி போட முடியாமல், நல்ல கருப்பட்டி காய்ச்சுகிறவள் அடுப்பை அணைக்கிறாள். கலப்படத்தைப் பிடிக்க யார் விடியற்காலையில் வருகிறார்கள்?

லட்சக்கணக்கில் பனைவிதை ஊன்றுகிறோம். இளைஞர்கள் ஏரிக்கரையில் வெயிலில் நின்று ஊன்றுவதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியிருக்கிறது. ஆனால் அந்த விதை பாளை விடப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். அது ஆண்பனையா பெண்பனையா என்பதே அப்போதுதான் தெரியும். அதுவரை தொழில் தெரிந்த ஒருவராவது மிஞ்சியிருப்பாரா? இந்த முன்வரிசையில் நாற்பது வயதுக்குக் கீழே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டே பேர்.

ஆகவே கேட்கிறோம்: கள் மீதான தடையை நீக்குங்கள். பதநீர் இறக்குபவனின் கலயத்தில் கை வைக்காதீர்கள். கலப்படக் கருப்பட்டியைக் கடையிலேயே பறிமுதல் செய்யுங்கள். மரத்திலிருந்து விழுந்தவனின் குடும்பத்துக்கு மாதம் தவறாமல் பணம் போய்ச் சேரட்டும்.

மனு மேடைக்குக் கீழே மேசையில் இருக்கிறது. முதல் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். அது ஏறுகிற கைகளுக்கு. அண்ணன்மார்களே, எழுந்து வாருங்கள். நாங்கள் அடுத்த பக்கத்தில் போடுகிறோம்.