தாமன் மரமும் மூங்கில் நாணும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் சங்க இலக்கியத்தையோ கம்பனையோ எடுத்துக்கொண்டு பேசுவது நம் வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, ஜாம்ஷெட்பூரில் நம் குடியிருப்பின் மதிலைக் கடந்து சில கல் தொலைவு சென்றால் காணக்கூடிய ஒரு கைத்தொழிலைப் பற்றிப் பேசக் கருதினோம். அது வில் செய்யும் தொழில்.

வில் என்றதும் சேரர் கொடி நம் நினைவுக்கு வரும். நெல்லை, குமரிப் பக்கத்து அன்பர்களுக்கோ பனை வைரத்தால் செய்து மணிகள் கோத்த வில்லுப்பாட்டு வில் நினைவுக்கு வரும். 'சிலை' என்னும் சொல் நம் மொழியில் வில்லையும் குறிக்கும், வில் செய்தற்கு உரிய ஒரு மரத்தையும் குறிக்கும். மரத்தின் பெயரே கருவிக்கும் ஆயிற்று என்றால், எந்த மரம் வளையும், எந்த மரம் முறியும் என்பதை நம் முன்னோர் எவ்வளவு கூர்ந்து நோக்கியிருத்தல் வேண்டும்! நம்மிடம் இன்று சொல் மட்டும் எஞ்சியுள்ளது. இங்கே சந்தாலியரும், ஹோ மக்களும், முண்டாக்களும் அச்செயலையும் கைவிடாது வைத்திருக்கின்றனர். ராஞ்சிப் பக்கத்து ஒராவோன் மக்கள் பேசும் குடுக் மொழி நம் தமிழுக்கு உறவுமுறை கொண்ட திராவிட மொழியே என்பதையும் இடையே சொல்லிவைக்கிறோம்.

தல்மா மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிற்குச் சங்கத்து நண்பர் சிலர் சேர்ந்து சென்றோம். அங்கே ஒரு முதியவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வில் இழைத்துக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது தாமன் மரம். நம் மேற்குமலைக் காடுகளில் சடைச்சி என வழங்கும் மரம் இதுவே. வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். வண்டிக்கும் காவடித் தண்டிற்கும் இதனை விரும்பிக் கொள்வதன் காரணமும் அதுவே. தாமன் கிடைக்காதபோது கல்மூங்கில் உதவும். இன்று காண்பனவற்றுள் மூங்கில் வில்லே மிகுதி.

மரத்தை வாளால் அறுப்பதில்லை. ஆப்பு அடித்துப் பிளக்கின்றனர். வாள் நேர்கோட்டில் செல்லும். மரத்தின் நாரோ தன் போக்கில் செல்லும். அறுத்த பலகையில் நார் இடையிடையே வெட்டுண்டு நிற்கும். வில்லை வளைக்கும்போது அவ்விடத்திலேயே சிலும்பு எழும், பின்பு முறியும். பிளந்த மரம் தன் நாரோட்டத்தைத் தானே காட்டிவிடும். பிளந்ததை வெயிலில் இடாது நிழலில் வைத்து மெல்ல உலர்த்துகின்றனர். மூங்கிலாயின் முற்றிய கழையையே தேர்ந்து, மழைக்காலம் கழிந்து பனிக்காலத்தில் வெட்டுவர். அப்போது வெட்டியதில் வண்டு துளைப்பது குறைவு.

இனி வில்லின் உள்ளியல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். வளைந்த வில்லில், எய்பவனை நோக்கிய உட்புறம் நெருக்குண்ணும். இலக்கை நோக்கிய வெளிப்புறம் இழுபடும். இழுபடும் புறத்தில் ஒரு சிறு நார் அறுந்திருந்தாலும் கேடு. ஆகவே அப்புறத்தில் மரத்தின் ஆண்டு வளையம் ஒன்று ஒரு முனை முதல் மறுமுனை வரை அறுபடாதிருக்குமாறு காத்து, செதுக்கும் வேலை அனைத்தையும் உட்புறத்திலேயே செய்கின்றனர். பொறியியற் கல்லூரியில் நம் பிள்ளைகள் கரும்பலகையில் கற்கும் இழுவிசையும் அமுக்கவிசையும் அம்முதியவரின் வாய்ச்சி முனையில் இருந்தன. அவர் அவற்றிற்குப் பெயர் இட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆள் உயரத்தை ஒட்டிய நீளம். நடுவில் பிடிக்கும் இடம் தடித்து, இரு கைகளும் முனை நோக்கி மெலிந்து செல்லும். வாய்ச்சியால் உருவம் வந்தபின், கத்தியாலும் உடைந்த கண்ணாடிச் சில்லாலும் சுரண்டுகின்றனர். கோணல் இருப்பின் தணலில் காட்டி நிமிர்த்துகின்றனர். இதுவரை உள்ள வேலையைக் கைத்திறன் உடைய எவரும் கற்றுக்கொள்ளலாம். இதன்பின் வருவதே அரிய கட்டம்.

வில்லின் இரு கைகளும் ஒத்து வளைதல் வேண்டும். முதலில் ஒரு சாண் அளவே வளைத்துப் பார்க்கிறார். எங்கே வளையாமல் விறைத்து நிற்கிறதோ அங்கே இரண்டு சீவல் எடுக்கிறார். மிகுதியாக வளையும் இடத்தைத் தொடுவதே இல்லை. மீண்டும் சிறிது கூட்டி வளைக்கிறார், பார்க்கிறார், சீவுகிறார். எடுத்த சீவலை மீண்டும் ஒட்ட முடியாது. ஒரு கையில் மிகுதியாக எடுத்துவிட்டால் மறுகையிலும் எடுத்துச் சமன்செய்தல் வேண்டும். வில் வலிமை குன்றிச் சிறுவர் வில்லாகிவிடும். எவ்வளவு எடுப்பது என எப்படி அறிகிறீர் என்று வினவினோம். அவர் வில்லை எங்கள் கையில் கொடுத்து, கட்டைவிரலால் உட்புறத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். நாங்கள் தடவினோம். எங்களுக்கு மரம் மட்டுமே தெரிந்தது.

நாண் மூங்கிற் பட்டை. மூங்கிலின் மேல்தோலை ஒட்டிய இழைநெருக்கம் மிக்க பகுதியை மெல்லிய பட்டையாகச் சீவி, இரு முனையிலும் கயிற்றால் கண்ணி அமைக்கின்றனர். தோல் நாண் ஈரம்பட்டால் தளரும். மூங்கில் நாண் மழைக்கு அவ்வளவு அஞ்சுவதில்லை. சோட்டா நாக்பூரின் மழையில் நனைந்த எவரும் இதன் அருமையை உணர்வர். அம்பின் இரும்பு முனையை ஊர்க் கொல்லர் அடித்துத் தருகிறார். பறவைக்கு முனையின்றி, மரக்குமிழ் வைத்த மொட்டை அம்பு. 1912இல் இவ்வூர் ஆலையில் முதன்முதல் உருக்கு வார்ப்பதற்கு நெடுங்காலம் முன்பே இம்மண்ணில் இரும்பு உருகியது.

இவ்வில் விளையாட்டுப் பொருளாக மட்டும் இருந்ததில்லை. 1855இல் சித்துவும் கான்ஹுவும் தலைமை ஏற்ற சந்தாலியர் எழுச்சியில் துப்பாக்கிக்கு எதிராக நின்றது இதுவே; பிர்சா முண்டாவின் காலத்திலும் அவ்வாறே. ஏகலைவனைத் தம்மவன் என்றே இம்மக்கள் கொண்டாடுவர். அம்பைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பற்றி, கட்டைவிரல் படாமல் இழுப்பதற்கும் அக்கதையையே காரணமாகச் சொல்வர். கதை எவ்வாறாயினும், ஒலிம்பிக் களத்தில் எய்வோரும் இன்று கட்டைவிரலை நாணில் வைப்பதில்லை.

ராஞ்சிக்கு அருகில் பிறந்த தீபிகா குமாரி, சிறுமியாக இருந்தபோது மூங்கிலில் தாமே செய்த வில்லால் பழகி, பின்பு 1996இல் நம் ஊரில் தோன்றிய டாட்டா வில்வித்தைக் கழகத்தில் பயின்று, 2010இல் தில்லியில் நடந்த காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம் வென்றதை நாம் அறிவோம். உலகப் போட்டிகளுக்கு உரிய வில்லோ கரியிழையாலும் உலோகத்தாலும் ஆனது. அதன் விலை இலட்சத்தைத் தாண்டும். நம் நாட்டுப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்டு' என்னும் பிரிவு மட்டும் மூங்கில் வில்லுக்கு இடம் தருகிறது. ஏழைப் பிள்ளை நுழைவதற்கு உள்ள வாயில் அதுவே.

அந்த முதியவருக்கு இரண்டு புதல்வர்கள். இருவரும் ஒப்பந்தக் கூலிகளாக ஆலைக்குச் செல்கின்றனர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. நாமும் ஆலையை நாடியே ஊர் விட்டு வந்தவர்கள். ஆனால் ஒரு வில்லுக்குப் பல நாள் உழைப்பவருக்குச் சந்தையில் கிடைப்பது இரண்டு நாட் கூலியே என்றால், எந்த மகன் திண்ணையில் அமர்வான்? அவர் விரலில் உள்ள அறிவு எந்நூலிலும் எழுதப்படவில்லை. பெயரனுக்கு வயது பதினொன்று. அவன் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான் என்பது ஒன்றே சிறிது ஆறுதல்.

நாம் பொங்கலிடும் நாளை ஒட்டி அவர்களுக்குச் சக்ராத் திருநாள். அன்று வாழைத்தண்டை நட்டு ஆடவர் அனைவரும் அம்பு எய்வர். 'பேஜா' என்பது அதன் பெயர். வரும் பொங்கலன்று காலை நம் வழிபாட்டை முடித்துக்கொண்டு, பிள்ளைகளுடன் அவ்வூருக்குச் செல்லலாம் எனச் செயற்குழுவிடம் கூறியுள்ளோம், அவர்களும் இசைந்துள்ளனர். நம் சிறுவர் பயிற்சிக்கென ஆறு வில்களை அவர் சொல்லும் விலைக்கே, பேரம் பேசாது வாங்குவதெனவும் முடிவு செய்துள்ளோம். வர விரும்புவோர் இம்மாத இறுதிக்குள் செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறோம். தமக்கென வில் வாங்குவோர்க்கு அம்முதியவர் சொல்லி அனுப்பிய செய்தி ஒன்று உண்டு: எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிட்டே வைத்தல் வேண்டும், பூட்டிய நாணோடு சுவரில் மாட்டினால் வளைவு மரத்திலேயே தங்கிவிடும்.