கத்தியில் யார் பேர்?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கையால் பொருள் செய்கிறவன் அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது, எந்தக் கூட்டத்தில் தன் பேரைச் சொல்வது என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சந்தை என்றாலே நம்ம ஆட்களுக்கு ஓர் ஒவ்வாமை உண்டு. அதெல்லாம் முதலாளி சமாச்சாரம், நமக்கெதுக்கு என்று விட்டுவிடுகிறோம். ஆனால் செய்கிறவன் ஒருத்தன், விற்கிறவன் இன்னொருத்தன், பேர் மூணாவது ஒருத்தனுக்கு என்றிருக்கிற இடத்தில் சாதி எப்படிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் ஆகவேண்டும். ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். நேபாளத்துக் குக்ரிக் கத்தி.

குக்ரி எல்லோருக்கும் தெரியும். முன்னால் வளைந்து, அடிவயிறு பருத்த கத்தி. 'கூர்க்கா கத்தி' என்றுதான் உலகமே சொல்கிறது. நேபாள மன்னராட்சியின் அரசுச் சின்னத்தில் இரண்டு குக்ரிகள் குறுக்காக நின்றன. கூர்க்காப் படைப்பிரிவுகளின் சின்னத்தில் குக்ரி இருக்கிறது. அந்தப் பேரில் ரம் கூட விற்கிறார்கள். சிப்பாய்க்குப் பேர், ராஜாவுக்குப் பேர், சாராயத்துக்கும் பேர். அடிச்சவன் பேர் எங்கேய்யா?

அடிக்கிறவர்கள் காமி சாதியார். நேபாளத்துத் தலித்துகள். இன்று விஸ்வகர்மா என்று எழுதுகிறார்கள், சுருக்கி 'பி.கே.' என்றும் போட்டுக்கொள்கிறார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கில் 14 லட்சத்துக்கும் மேல். அந்த நாட்டில் இருபது பேரில் ஒருவர். கத்திக்குத் தோலுறை செய்கிறவர்கள் சார்க்கிகள். அவர்களும் தலித்துகள். முனையிலிருந்து உறை வரைக்கும் அந்தக் கத்தி சேரியில்தான் பிறக்கிறது.

1815லிருந்து பிரிட்டிஷ்காரன் மகர், குருங், ராய், லிம்பு என்று 'வீர இனம்' முத்திரை குத்திப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தான். கத்தி பிடிக்கிறவன் வீரன். கத்தியைப் படைத்தவன் அந்தப் பட்டியலில் இல்லை. 1854இல் ஜங் பகதூர் ராணா 'முலுக்கி ஐன்' என்று நாட்டுக்கே ஒரு சட்டம் போட்டான். நம்மூரில் மனு எழுதிவைத்ததை அங்கே அரசாங்கமே அச்சடித்த மாதிரி. காமி கையால் தண்ணீர் வாங்கக் கூடாது. அவன் மேலே பட்டுவிட்டால் தண்ணீர் தெளித்துத் தீட்டுக் கழிக்கணும். அதற்குத் தங்கம் தொட்ட தண்ணீர் விசேஷம். அந்தத் தங்கத்தை நகையாக்குகிற சுனார் யார்? அவனும் தலித். அவன் கை பட்ட தங்கம் தீட்டைப் போக்கும், அவன் கை மட்டும் தீட்டு. பார்ப்பனியத்தின் தர்க்கம் எப்போதும் இப்படித்தான்.

அந்தக் கொல்லர் செய்வதைக் கொஞ்சம் பாருங்கள். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி, கரி உலையில் காய்ச்சி, ஆளுக்கொரு பக்கம் சம்மட்டி போட்டு வளைக்கிறார்கள். கடைசியில் கத்தியைச் சிவக்கக் காய்ச்சி, கெட்டிலில் இருந்து தண்ணீரை வெட்டுவாய் மேல் மட்டும் சன்னமாக ஊற்றுகிறார். வெட்டுவாய் இறுகிக் கெட்டிப்படும். முதுகு முறியாத பதத்தில் நிற்கும். எவ்வளவு தண்ணீர், எந்த இடம், எத்தனை நேரம் என்பதெல்லாம் அவர் கண்ணிலும் கையிலும் இருக்கிற அறிவு. தண்ணீரை இத்தனை நுணுக்கமாக அறிந்தவனைத்தான் தண்ணீர்க் குடத்தைத் தொடாதே என்றார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நம்மூர்க் கொல்லரும் விஸ்வகர்மா என்றுதான் சொல்லிக்கொள்கிறார், பூணூல் போடுகிறார். அதே இரும்பு, அதே உலை, அதே சம்மட்டி. இங்கே பூணூல், அங்கே தீண்டாமை. தொழில் இழிவானதால் சாதி வந்தது என்று இனி யாராவது சொன்னால் இதைக் கேளுங்கள். இழிவு இரும்பில் இல்லை, கட்டிவைத்தவன் அதிகாரத்தில் இருக்கிறது.

மலைக் கிராமத்தில் காமிக்குக் கூலி எப்படி? வருஷத்துக்கு ஒருமுறை தானியம். 'பாலிகரே' என்று பேர். நம்ம களத்துமேட்டு நெல் மாதிரி. எத்தனை அரிவாள் தட்டினாலும் அளந்து போடுகிறவன் வைத்ததுதான் அளவு. தன் வேலைக்குத் தானே விலை சொல்ல முடியாத நிலை அது. அதை விட்டு நகரத்துக்கு வந்து கடைக்காரனுக்கு அடித்துக் கொடுத்தால் காசு கையில் வரும். ஆனால் கத்தியில் பதிவது பெரும்பாலும் கடையின் பேர். ஆண்டை போய் முதலாளி வந்தான், பேர் வரவில்லை.

இப்போ வேறொரு இடத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் தனி ஆளாகக் கத்தி செய்கிறவர்கள் 1970இல் ஒரு சங்கம் கட்டினார்கள். உலையில் அடித்துச் செய்கிறவர்கள் 1976இல் தனியாக ஒன்று வைத்தார்கள். அதில் தேர்வு உண்டு: உங்கள் கத்தி தொங்குகிற ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்கணும், மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்கணும், அப்புறமும் கை மயிரை மழிக்கணும், கடைசியில் 90 டிகிரி வளைத்தாலும் ஒடியக் கூடாது. உங்கப்பன் யார் என்ற கேள்வி அந்தத் தேர்வில் இல்லை. அட்லாண்டா நகரில் ஆண்டுதோறும் கத்திக் கண்காட்சி நடக்கிறது. செய்தவரே மேசைக்குப் பின்னால் நிற்கிறார், கத்தியில் அவர் பேர். வாங்குகிறவனும் 'இது யார் கை?' என்றுதான் கேட்கிறான்.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். கைவினைஞனுக்குத் தேவை வெறும் வாடிக்கையாளர் இல்லை. 'இது யார் கை?' என்று கேட்கத் தெரிந்த கூட்டம் தேவை. அது குக்ரிக்கும் இருக்கிறது. பல நாடுகளில் குக்ரி சேகரிக்கிற ஆர்வலர் வட்டங்கள் உண்டு. அமெரிக்காவில் ஒரு சிறு இறக்குமதி நிறுவனம், அடித்த கொல்லரின் குறியைக் கத்தியிலேயே பதித்து விற்றது. வாங்கியவர்கள் குறியைப் பார்த்து இன்னார் அடித்ததுதான் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். கடைக்குப் பின்னால் மறைந்திருந்த ஆள் முன்னால் வந்தார்.

இத்தோடு விடுதலை வந்துவிட்டதா? இல்லை தோழர்களே. பேருக்கு அங்கே இரண்டு பக்கமும் கூர். அந்த வட்டத்தில் 'விஸ்வகர்மா' என்றால் மதிப்பு. மலைக் கிராமத்தில் அதே பேர், வாடகைக்கு வீடு கேட்டால் கதவைச் சாத்த வைக்கும் பேர். 1963இல் புதிய சட்டம் வந்தது, 2006இல் தீண்டாமை ஒழிந்த நாடு என்று நாடாளுமன்றம் அறிவித்தது, 2011இல் தண்டனைச் சட்டம் வந்தது. அதற்கப்புறம்தான் 2020 மே மாதம் மேற்கு ருக்கும் மாவட்டத்தில், மேல்சாதிக் காதலியை அழைத்துவரப் போன 'பி.கே.' இளைஞரும் நண்பர்களுமாக 6 பேர் கொல்லப்பட்டார்கள். கத்தி கடல் தாண்டிப் போகிறது. அடித்தவன் மகன் பக்கத்து ஊருக்குப் போக முடியவில்லை.

அதனால் பேரை மறைத்துக்கொள்ளலாமா? கூடாது என்பதுதான் என் கருத்து. பேரை மறைத்தால் லாபம் கடைக்காரனுக்கு, இழிவு மட்டும் நமக்கு. கத்தியில் அடித்தவர் குறி இருக்கட்டும். உறையில் சார்க்கி குறியும் இருக்கட்டும். நமக்குள்ளேயே இன்னொருத்தர் பேரை விழுங்கக் கூடாது. முடிந்த கத்தியின் பளபளப்பை மட்டும் படம் பிடித்துக் காட்டினால் போதாது. பட்டை, உலை, தண்ணீர் ஊற்றுகிற கை எல்லாவற்றையும் காட்டணும். வேலையைப் பார்த்தவன்தான் விலையை ஒத்துக்கொள்வான். குறை சொன்னால் காது கொடுத்து, உடைந்தால் மாற்றிக் கொடுக்கிறவன் பேர்தான் அந்த வட்டங்களில் நிற்கும். ஒத்தைப் பட்டறை தனியாக நின்றால் தரகன் தின்றுவிடுவான். பத்துப் பட்டறை சேர்ந்தால் கரி, பட்டை, பார்சல் எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசலாம்.

வங்கியில் பேனா பிடிக்கிறவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். கடன் கேட்டு வருகிற கடைக்காரனிடம் சரக்கு இருப்பு உண்டு, பில் உண்டு. உலையில் வேகிற இரும்பு எந்தக் கணக்கிலும் இருப்பாக ஏறாது. குறியும் ஆர்டர் நோட்டும் இருந்தால் அந்த ஆளும் கணக்கில் வருவார். நேபாளத்தின் 2015 அரசியல் சட்டம், 40ஆவது பிரிவில், தலித்துகளின் மரபுத் தொழில் சார்ந்த நவீன வியாபாரத்தில் அவர்களுக்கே முன்னுரிமை என்று எழுதியிருக்கிறது. எழுதியதைக் கேட்டு வாங்கச் சங்கம் வேண்டும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 'பாரம்பரியம்', 'குலப்பெருமை' என்று இதை யாரும் அலங்காரம் பண்ண வேண்டாம். 1953இல் வந்த குலக்கல்வியை விரட்டிய மண் இது. 2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் என்று குடும்பத் தொழிலைக் காட்டி வந்தபோதும் அதே கேள்வியைத்தான் கேட்டோம். காமி வீட்டுப் பிள்ளை டாக்டருக்குப் படிக்கட்டும், வேண்டாமென்றால் சம்மட்டியைத் தூக்கிப் போடட்டும். அது அவன் உரிமை. ஆனால் விரும்பி உலைமுன் நிற்கிறவன் கூலியாக நிற்கக் கூடாது, பேரோடு நிற்கணும்.

இங்கிருக்கிற மாணவர்கள் ஒன்று செய்யலாம். பறை கட்டுகிறவர், செருப்புத் தைக்கிறவர், கூடை முடைகிறவர் என்று உங்கள் தெருவிலேயே ஆள் இருப்பார்கள். போய்க் கவிதை எழுதவேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அவர் சொல்கிற விலையை, அவர் பேரோடு, வெளியூர்க்காரனுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். வருகிற பதிலை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். இடையில் நீங்கள் தரகராகிவிடாதீர்கள்.

ஜெய்பீம்.