சுவரும் சுமையும்

குடும்பம் பெருகும் காலத்தில், கூடத்திற்கும் அறைக்கும் நடுவே நிற்கும் சுவரை எடுத்துவிட்டால் வீடு விசாலமாகுமே என்ற எண்ணம் உண்டாவது சகஜம். அதில் தோஷம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சுவர் வெறும் தடுப்பாக நிற்கிறதா, தலைக்கு மேலுள்ள தளத்தைச் சுமந்து நிற்கிறதா என்று நிச்சயப்படுத்திக்கொள்ளாமல் கடப்பாரையை எடுப்பது, வீட்டிலிருப்போரின் பிராணனையும் இடிக்க வந்த தொழிலாளியின் பிராணனையும் ஒருங்கே பணயம் வைப்பதாகும்.

மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இன்னும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளை எடுத்துக்கொள்வோம். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின்மேல் சிறிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாட்டில் நிறுத்தி, அதற்கும்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, தட்டோடு பதித்து முடித்த மெட்ராஸ் டெரஸ் தளங்கள் அவை. அந்தத் தளத்தின் பாரம் பெரும்பாலும் கட்டைகளின் நுனி வழியாகச் சுவருக்கே இறங்குகிறது. ஆகையால் சுவரை ஆராய விரும்புகிறவர் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். கட்டைகள் குறுக்காக வந்து சுவருக்குள் நுழைந்திருந்தால் சந்தேகத்திற்கு இடமில்லை. அது சுமை தாங்கும் சுவரேதான். அவை சுவருக்கு இணையாக ஓடினாலோ, பாரமில்லை என்று அவசரப்பட்டுத் தீர்மானித்துவிடலாகாது. அக்கட்டைகளைத் தாங்கும் பெரிய விட்டத்தின் ஒரு முனை அச்சுவரில் ஊன்றியிருக்கக்கூடும், அல்லது மாடியறையின் சுவர் நேராக அதன்மேலேயே எழும்பியிருக்கக்கூடும்.

அடுத்தபடியாகக் கனத்தை அளக்கலாம். வாசற்படி நிலையருகே அளவு நாடாவை வைத்து, இருபுறத்துப் பூச்சையும் கழித்துப் பார்த்தால், 9 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கும் சுவரைப் பாரச் சுவராகவே கருதி நடப்பது விவேகம். 4½ அங்குலச் சுவர் பொதுவாகத் தடுப்புச் சுவர்தான். எனினும் நாளடைவில் மேல்தளம் சற்றே தாழ்ந்து அதன்மீது அமர்ந்துவிடுவதுமுண்டு. கையால் தட்டி ஓசையைக் கேட்டு முடிவு சொல்வோரை நம்ப வேண்டாம். செங்கல்லின் ஓசைக்கும் அது சுமக்கும் பாரத்திற்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது.

கான்கிரீட் தூண்களும் பீம்களும் கொண்ட வீடுகளில் பாரம் தூண் வழியே கடைக்காலுக்குப் போவதால், இடையிலுள்ள செங்கல் சுவர்கள் பெரும்பாலும் நீக்கத்தக்கவையே. ஆனால் மாடிகள் பல கொண்ட வீடுகளெல்லாம் தூண்களால் ஆனவை என்று எண்ணிவிட வேண்டாம். 9 அங்குலச் சுவர்மேலேயே கான்கிரீட் தளம் போட்டு மாடி எழுப்பிய வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். அண்மைக்காலத்து அடுக்குமாடிகள் சிலவற்றிலோ, அலுமினிய அச்சில் வார்த்த கான்கிரீட் சுவர்களே கட்டடத்தின் எலும்பாக இருக்கின்றன. அங்கே ஜன்னலைச் சிறிது அகலப்படுத்துவதும் ஆபத்து, அது அண்டை வீட்டார் அனைவரையும் பாதிக்கும் காரியம்.

கட்டட வரைபடம் கிடைத்தால் அதைக் காட்டியும், கிடைக்காவிட்டால் வீட்டையே நேரில் காட்டியும், கட்டமைப்புப் பொறியாளரின் அபிப்பிராயத்தை எழுத்து மூலமாகப் பெறுங்கள். அனுபவம் மிகுந்த மேஸ்திரியின் கண் மதிப்புக்குரியதே; ஆயினும் புதிய பீமின் ஆழத்தையும் கம்பியின் அளவையும் கணக்கிடுவது அவர் வேலையன்று. பாரச் சுவரை எடுத்தே தீர வேண்டுமென்றால், ஒரு செங்கல்லைப் பெயர்ப்பதற்கு முன்பே சுவரின் இருபக்கமும் தளத்திற்கு முட்டுக் கொடுத்து, அம்முட்டுகள் கீழே உறுதியான தரையில் ஊன்றியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே கான்கிரீட் பீம் வார்ப்பதானால், சாதாரண சிமெண்டுக்கு, 6 மீட்டர் வரை நீளமுள்ள பீமின் முட்டுகளை 14 நாட்களுக்குக் குறையாமலும், அதற்கு மேற்பட்டதற்கு 21 நாட்களுக்குக் குறையாமலும் விட்டுவைக்க வேண்டும். வீட்டு விசேஷத்திற்கு நாள் குறித்துவிட்டோம் என்பதற்காக அவற்றை முன்கூட்டிப் பிரிக்கச் சொல்லாதீர்கள்.