மேட்டை வெட்டாம ஒரு வீடு

எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. வீடு கட்டின கதையைச் சொல்லுங்கன்னு ஊக்குநர் சொன்னாங்க, சொல்றேன்.

2009 நவம்பர் மழையைக் கோத்தகிரி, குன்னூர்க்காரங்க யாரும் மறக்க மாட்டோம். நீலகிரியில் அந்த மண்சரிவுகளில் 40 பேருக்கும் மேல் இறந்தார்கள். எங்க பழைய வீட்டுத் தடுப்புச்சுவர் ராத்திரியில் அடுப்படி மேல் சாய்ந்தது. அங்கே படுக்கும் மாமியார், கூரை ஒழுகுதுன்னு அன்னைக்கு முன்னறைக்கு வந்ததால் தப்பினாங்க. சுவர் கருங்கல்தான். ஆனா தண்ணி வெளியேற ஒரு ஓட்டைகூட இல்லை.

புது வீட்டுக்கு மேட்டை நேரா வெட்டி மட்டமாக்கி, சமவெளி வீடு மாதிரி மொட்டைமாடி போடணும்னு வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் சொன்னாங்க. குழுக் கடன் என் பேர்ல. "அடைக்கப் போறவ நான், ஒரு வார்த்தை கேளுங்க"ன்னேன். பத்து நாள் வீட்டில் பேச்சில்லை. கடைசியில் மாமியார்தான், "அவ சொல்றபடி கட்டுங்கடா, அந்த ராத்திரி கேட்ட சத்தம் போதும்"னாங்க.

இடுப்பளவுக்கு மேல் மண்ணை வெட்டலை. சரிவுக்கு ஏத்தபடி வீட்டை இரண்டு மட்டமா அமைச்சோம். தடுப்புச்சுவரில் வரிசையா குழாய்த் துண்டு வச்சு, பின்னால் ஜல்லி நிரப்பினோம். மேட்டுத் தண்ணிக்கு ஓரமா வாய்க்கால். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அதனால் பெரிய ஜன்னல்கள் தெற்கே. ஐப்பசி, கார்த்திகை மழை அடிக்கும் வடகிழக்கில் சின்ன ஜன்னல், நீட்டின கூரை. செங்கல்லை நிறுத்தி வச்சு நடுவில் இடைவெளி விட்டுக் கட்டினோம். கேரளாவில் லாரி பேக்கர் பரப்பின முறை அது. செங்கல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம். நடுவில் நிற்கும் காத்து குளிரைத் தடுக்கும். ஓட்டுக்குக் கீழே பலகை அடிச்சோம்.

குறையும் இருக்கு. காசு தீர்ந்ததால் அடுப்படிக்குத் தகரம் போட்டோம். குளிர்காலத்தில் ஆவி பட்டு உள்ளே சொட்டுது. இந்தக் கடன் முடிஞ்சதும் அதை மாத்தணும்.

போன ஐப்பசி மழையில் ராத்திரி எழுந்து பின்பக்கம் போனேன். எல்லாக் குழாயிலும் தண்ணி கொட்டிக்கிட்டிருந்தது. பார்த்துட்டு வந்து நிம்மதியா படுத்தேன்.

கடன் வாங்கி வீடு கட்டப் போற சகோதரிகள், மேஸ்திரிகிட்ட எத்தனை அறைன்னு பேசறதுக்கு முன்னாடி, "மழைத் தண்ணி எங்கே போகும்?"னு கேளுங்க.