கொம்பின் குரல்



பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தில் மரபு குறித்துச் சில சொல்ல விழைகின்றேன். பயன் கருதித் தோன்றிய ஒரு வழக்கம், அப்பயன் தீர்ந்த பின்னும் மக்கள் கைவிட மனம் கொள்ளாதபோது சடங்காகிறது. இதற்குச் சாரணர் இயக்கத்தின் ஊதுகொம்பு நல்லதொரு சான்று.

குடு என்பது ஆப்பிரிக்காவில் வாழும் ஒரு பெரிய மானினம். முறுக்குண்ட அதன் கொம்பை ஊதி, மட்டபெலே எனப்பட்ட இந்தெபெலே மக்கள் தம்மவர்க்கு எச்சரிக்கை விடுத்தனர். பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனியின் ஆட்சியை எதிர்த்து 1896இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியை அடக்கச் சென்ற படையதிகாரிகளுள் ஒருவர் பேடன் பவல். அங்குக் கைப்பற்றப்பெற்ற கொம்பொன்றை அவர் தம்முடன் கொண்டு சென்றார்.

1907 ஆகஸ்டில், இங்கிலாந்தின் பிரௌன்சி தீவில் அவர் ஒரு சோதனை முகாம் நடத்தினார். புகழ்பெற்ற பள்ளிகளில் பயின்ற செல்வர் மக்களும் உழைப்பாளர் இல்லத்துப் பிள்ளைகளும் அங்கு ஒன்றாகத் தங்கினர். அச்சிறுவரை அழைக்கப் பயன்பட்டது இக்கொம்பே. பின்னர் 1919 செப்டம்பரில் கில்வெல் பூங்காவில் சாரணத் தலைவர்க்கான முதற்பயிற்சியும், 1929இல் ஆரோ பார்க்கில் உலகச் சாரணர் பெருவிழாவும் இதன் ஒலியோடு தொடங்கின. நூற்றாண்டு நாளாகிய 2007 ஆகஸ்ட் 1 அன்று பிரௌன்சியில் அது மீண்டும் ஒலித்தது. ஒலிபெருக்கி மலிந்த காலத்தில் யாரையும் கூவியழைக்கக் கொம்பு தேவையில்லை. ஆயினும் அது வேண்டியிருந்தது.

இங்கு ஒன்றை மறைத்தல் தகாது. அக்குரலின் முதற்பொருள் ‘பகை வருகிறது’ என்பது. கைப்பற்றியவர் கையில் அது ‘கூடி வாருங்கள்’ எனப் பொருள் மாறிற்று. மாற்றம் இனியதே. எனினும், பறிகொடுத்தவர் கதையை விடுத்துக் கொம்பை மட்டும் போற்றினால் அம்மரபு பாதி ஊமையாகிவிடும். விழா எடுப்போர் அம்மக்களின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் கடன்.

நம் புறநானூறும் இதற்கு ஒளி தருகிறது. போர்ச்செய்தி அறிவிக்கும் முரசு, கட்டிலும் பூவும் பெற்றுத் தெய்வத்தன்மை எய்திற்று. அக்கட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாரைச் சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை ஒறுக்கவில்லை; விசிறி வீசினான். முரசின் மாண்பு அதனால் குறைந்ததா? இல்லை. மனிதனுக்கு வழிவிட்டதால்தான் அம்முரசு இன்றும் நம் நினைவில் முழங்குகிறது.

இவ்வட்டத்திற்கும் பத்தாண்டுகளில் சில வழக்கங்கள் அமைந்திருக்கும். அவற்றைப் பேணுவோம். அவை எதற்காகத் தோன்றின என்பதையும், புதிதாய் வரும் இளங்கவிஞர்க்கு மறவாது சொல்லுவோம்.