சொல்லுக்குள் இருக்கும் கணக்கு

(முகப்பேரில் தமிழன்பர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



சொல்லால் கூறியதை எண்ணால் எழுதுவதே கணக்கின் முதற்படி. அப்படியை நம் முன்னோர் மொழிக்குள்ளேயே கட்டி வைத்தனர். 'முக்கால்' என்பது 3 × 1/4. 'அரைக்கால்' என்பது 1/2 × 1/4, அஃதாவது 1/8. கீழ்வாயெண்களில் இரு சொற்கள் ஒட்டி நின்றால் பெரும்பாலும் பெருக்கல். இடையே ஏகாரம் வந்தால் கூட்டல். 'காலே அரைக்கால்' என்றால் 1/4 + 1/8. எழுத்தறியாக் கிழவியும் இதைப் பிழையின்றிச் சொன்னாள்.

காரிநாயனாரின் கணக்கதிகாரம் பலாவை வெட்டாமலே சுளையெண்ண வழி கூறும்: காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் 100 எனில், 100 × 6 ÷ 5 = 120 சுளை.

இன்று நம் பிள்ளைகள் ஆங்கிலவழியில் தடுமாறுகின்றனர். 'பத்தைவிட மூன்று குறைவு' என்றால், தமிழ்ச் சொல்வரிசையே 10 − 3 எனக் காட்டும். ஆங்கிலத்தில் மூன்று முன்னும் பத்து பின்னும் வரும். பிள்ளை 3 − 10 என எழுதிவிடுகிறது. கழிக்கத் தெரியாத பிள்ளையன்று அது. வேற்றுமொழி வழிமறித்த பிள்ளை!

பெற்றோரே, பிள்ளைகளைத் தமிழ்வழியில் சேர்ப்பீர்! இன்றிரவே அரைக்காலும் மாகாணியும் கற்பிப்பீர்! தமிழில் எண்ணுவோம், தமிழராய் எண்ணுவோம்!

வெல்க தமிழ்!